நோமிக்கில் விதிச் சண்டைக்குக் கைதூக்கித் தீர்ப்பு கிடையாது

"விதிக்கு என்ன பொருள்னு சண்டை வந்தா ஓட்டு எடுப்பாங்க, அதிகம் பேர் சொல்றதுதான் தீர்ப்பு" என்று, ஆடிக்கொண்டே ஓட்டெடுத்து விதிகளையே மாற்றும் நோமிக் விளையாட்டைப் பற்றி மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தவறு தம்பி. புதிதாக ஆட வருபவர்கள் இதை நம்பிவிடக் கூடாது.

பெரும்பான்மை ஓட்டு விதியை மாற்றுவதற்குத்தான். அதற்கும்கூட முதல் இரண்டு சுற்றில் அனைவரும் சம்மதிக்க வேண்டும். பொருள் பற்றிய தகராறு வேறு. நோமிக்கை உருவாக்கிய பீட்டர் சூபர் 1982-இல் தந்த தொடக்க விதிகளில் 212-ஐப் பாருங்கள்: இப்போது ஆடுபவருக்கு முந்தி ஆடியவரே நடுவர். ஒரே ஒருவர் பிடிவாதமாக ஆட்சேபித்தாலும் அவரிடம் போகலாம். அவர் தீர்ப்பை மாற்ற, அடுத்தவரின் முறை தொடங்கும் முன் மற்ற எல்லோரும் ஒருமனதாக நிற்க வேண்டும்.

பாம்பனில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் ஆடினோம். காற்றில் நோட்டு புரளாமல் இருக்க மேலே ஒரு சங்கு. ஆட்டத்தில் நாங்களே சேர்த்துப் பென்சிலில் எழுதிய 304-ஆம் விதிக்கு நான் ஒரு பொருள் சொன்னேன், நடுவரான மச்சான் வேறு சொன்னார். மீதி இருவரில் ஒருவர் என் பக்கம், மற்றவர் அசையவில்லை. மூன்றில் இரண்டு போதாது. மச்சான் தீர்ப்பே நின்றது. எனக்கு வருத்தம்தான், ஆனால் அதுதான் சரி.

இன்னொன்று: பழைய நடுவரின் தீர்ப்பு புதிய நடுவரைக் கட்டுப்படுத்தாது. உங்கள் ஆட்டத்தில் 212-ஐயே திருத்தியிருந்தால், தம்பி, அந்தத் திருத்திய வாசகத்தை இங்கே போடுங்கள்.