மனிதக் கை பட்டால் தாய்ப்பறவை குஞ்சைச் சேர்க்காதா?

“விழுந்த குஞ்சைத் தொட்டால் மனித வாடை பட்டுவிடும், தாய் ஒதுக்கிவிடும்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. ஒருமுறை தொட்டதற்காகப் பறவைகள் குஞ்சைக் கைவிடுவதில்லை.

இறகு முளைக்காத குஞ்சென்றால் மெதுவாக எடுத்துக் கூட்டிலேயே வையுங்கள். உடலெங்கும் இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்தித் திரிகிறதா? அது பறக்கப் பழகுகிறது. பெற்றோர் அருகிலேயே இருக்கும். பூனை அண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். தயவுசெய்து வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் திறப்பு நாக்குக்குப் பின்னாலேயே இருப்பதால் நீர் நுரையீரலுக்குள் போய்விடும்.

காயம்பட்டிருந்தால் மட்டும் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து வனவிலங்கு மறுவாழ்வு மையத்தில் ஒப்படையுங்கள். வீட்டில் தனியே வளர்ந்த குஞ்சு மனிதரையே தன் இனமாக எண்ணிவிடலாம். இதைத் தவிர்க்கத்தான் 1980களில் கலிபோர்னியா காண்டர் என்னும் பிணந்தின்னிக் கழுகின் குஞ்சுகளுக்குப் பறவைத்தலை வடிவக் கைப்பொம்மையால் இரை ஊட்டினார்கள்.