பாசஞ்சர் இல்லாத பாசஞ்சர் ரயில்

ரயில் அருங்காட்சியகத்தின் பாசஞ்சர் ரயில் அரங்கில் மாட்டியிருக்கும் அந்தப் பலகையின் படத்தை ஞாயிற்றுக்கிழமை போட்டதிலிருந்து உள்பெட்டியில் அறிவுரை குவிகிறது. "ஒரு வரிக்கு இவ்வளவு கோபமா?" என்கிறார்கள். ஆமாம், ஒரு வரிக்குத்தான். "வேகக் குறைவால் மக்கள் ஆதரவை இழந்த பாசஞ்சர் ரயில்கள்" என்ற அந்த ஒரு வரிக்கு.

அரங்கு அழகாக இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஒய்.பி. நீராவி என்ஜினின் மாதிரி, வண்டி போகலாம் என்று ஓட்டுநர் கையில் கொடுக்கும் டோக்கன் வளையம், பித்தளைக் கைவிளக்கு எல்லாம் பளபளவென்று இருக்கின்றன. வெள்ளைக்காரத் துரை பயணம் செய்த சலூன் என்ற சொகுசுப் பெட்டிக்கு மட்டும் ஒரு சுவர் முழுவதும். ஆனால் பாசஞ்சர் ரயில் அரங்கில் பாசஞ்சர் எங்கே? ஏறியவர் யார், எதைச் சுமந்து போனார் என்று ஒரு சொல் கிடையாது. பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்டது என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு, அதே தடத்தில் தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சரைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனதற்கு அரை வரி இல்லை. இரும்புக்கு இருக்கும் மரியாதை ஆளுக்கு இல்லை.

என் அத்தை ஆண்டிபட்டியிலிருந்து மதுரைக்குப் பூக்கூடையோடு போய்வந்தவர். போடி பாசஞ்சர்தான் அவருடைய கடிகாரம். கணவாய் ஏற்றத்தில் வண்டி முக்கி முனகும்போது மற்றவர்கள் தூங்குவார்கள், அத்தை பூக்கட்டுவார். மதுரை வருவதற்குள் பாதிக் கூடை சரமாகிவிடும். வண்டி வேகமாக ஓடியிருந்தால் அவருக்கு நஷ்டம்! (இதை அந்தப் பலகை எழுதிய அறிஞருக்கு யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.) ரயில் நிலைய வாசலில் யாரும் கேட்டு வாங்காமல் தப்பிய அட்டை டிக்கெட்டுகளை ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். எட்மண்ட்சன் டிக்கெட் என்று ரயில்வேக்காரர்கள் சொல்வார்களே, தேதி குத்திய அந்தச் சின்ன கெட்டி அட்டை.

"மெதுவாக ஓடியது உண்மைதானே?" உண்மைதான். ஆனால் ஆதரவை யார் இழந்தது? போடி மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதையாக்குவதற்காக 2010 கடைசியில் மூடப்பட்டது. தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். பன்னிரண்டு ஆண்டுகள் வராத வண்டிக்கு மக்கள் எப்படி ஆதரவு தருவார்கள், தண்டவாளத்தில் நடந்து போயா? கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர்கள் 'சிறப்பு எக்ஸ்பிரஸ்' ஆனபோது 10 ரூபாய்க் கட்டணம் 30 ரூபாயானது. பழைய கட்டணம் திரும்ப 2024 ஆனது. வேகம் கூடியதா என்று மட்டும் கேட்காதீர்கள். அப்போதும் கூட்டம் நின்றுகொண்டுதான் போனது. ஆதரவை இழந்த கூட்டம்!

"நிதி இல்லை, இடம் இல்லை." சலூனுக்கு இருந்ததே.

"அவ்வளவு அக்கறை இருந்தால் நீங்களே ஓர் அருங்காட்சியகம் கட்டுங்கள்" என்று எழுதிய நண்பருக்கு வணக்கம். கட்டுகிறேன். திறப்பு விழாவுக்குப் பாசஞ்சரில் வாருங்கள்.

"சொந்தக் கதையை வரலாறு ஆக்காதீர்கள்" என்ற மறுமொழிதான் உள்ளே போய்த் தைத்தது. துரை சாய்ந்து உட்கார்ந்த நாற்காலி வரலாறு. அத்தை குத்துக்காலிட்டு உட்கார்ந்த கதவோரம் சொந்தக் கதை. அப்படித்தானே? அந்தக் கதவோரத்தில் சம்பாதித்த காசில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். அங்கே படித்த தமிழில்தான் அந்தப் பலகையை வாசித்தேன்.

இதுவரை சொல்லாத ஒன்று. அந்த டிக்கெட் டப்பாவைப் போன ஆண்டு நானே அருங்காட்சியகத்தாரிடம் கொடுத்தேன். அத்தை தன் புடவைத் தலைப்பால் துடைத்துத் தந்தார். அரங்கில் தேடினேன், இல்லை. கேட்டதற்கு, "கிடங்கில் இருக்கும், பார்வையாளர்களுக்கு அதில் சுவாரசியம் இருக்காது" என்றார்கள். திங்கட்கிழமை போய்த் திரும்ப வாங்கப் போகிறேன். ரசீது கையில் இருக்கிறது. அதில் எழுதியிருப்பது: "பழைய அட்டைகள், டப்பா ஒன்று."