நிரந்தரமாக வேண்டாம், இரண்டு மாதம் வைத்திருங்கள்

எலும்பு தெரிய மெலிந்த நாய் ஒன்றின் படத்தை யாராவது போட்டால் "பாவம்", "யாராவது எடுங்களேன்" என்று கீழே வரிசையாக எழுதுகிறோம். அந்த இரக்கம் பொய்யில்லை. ஆனால் புண்ணும் சொறியுமாக நிற்கிற நாயை ஆயுள் முழுக்க வளர்க்கிறேன் என்று யாரும் உடனே கேற்றைத் திறந்துவிட மாட்டார்கள். இடையில் ஒரு வீடு வேண்டும். இரண்டு மூன்று மாதம் வைத்திருந்து, மருந்து கொடுத்து, ஆட்களைக் கண்டு ஒதுங்காத அளவுக்குத் தேற்றிக் கொடுக்கிற வீடு. திருகோணமலையில் சோறு வைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அப்படி வைத்திருக்கிறவர்கள்தான் குறைவு.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை சீசன், வருகிறவர்கள் போடுகிற ரொட்டியிலும் மீனிலும் நாய்கள் கொழுகொழுவென்று திரியும். மாரி தொடங்கி ஹோட்டல்கள் வெறிச்சோடியதும் அதே நாய்கள் எப்படி நிற்கின்றன என்று போய்ப் பார்த்தால் தெரியும்.

எங்கள் வீட்டில் இருப்பவள் தெருநாயும் அல்ல. வீட்டுக்காரர் இடம் மாறிப் போகும்போது பின்வளவில் கட்டியபடியே விட்டுப்போன பெட்டை. பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேலால் எறிந்த சோற்றில்தான் உயிர் இருந்தது. குட்டியாக இருக்கும்போது கழுத்தில் கட்டிய நைலோன் கயிற்றை, கழுத்து பெருத்த பிறகும் யாரும் தளர்த்தவில்லை, அது தோலை அறுத்து உள்ளே போய் மேலால் சதை மூடத் தொடங்கியிருந்தது. மிருக வைத்தியர் மயக்க ஊசி போட்டுத்தான் வெட்டி எடுத்தார். காதுக்குள், விரலிடுக்கில் எல்லாம் கொத்துக் கொத்தாக உண்ணி. உண்ணிக் காய்ச்சலில் இரத்தம் குறைந்து முரசு வெளுத்திருந்தது, நான்கு கிழமை டொக்ஸிசைக்கிளின் குளிசை. பட்டினி கிடந்த வயிறு என்பதால் ஒரே தடவையில் நிறையக் கொடுக்கக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை.

சொறிக்குக் கழிவு எஞ்சின் ஒயில் பூசச் சொல்லி வந்தவர் போனவர் எல்லாரும் சொன்னார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நாய் அதை நக்கும், அது நஞ்சு. எடைக்கு ஏற்ற மருந்தை மிருக வைத்தியரிடம் கேட்டுக் கொடுத்தால் முடி திரும்ப முளைத்துவிடும்.

உடம்பு தேறுவது சுகம், பயம் தெளிவதுதான் மெல்ல நடக்கும். விளக்குமாற்றை எடுத்தாலே நிலத்தோடு படுத்து மூத்திரம் போய்விடுவாள். ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் கோப்பைக்கு வருவாள். முதல் கிழமைகளை வைத்து "இது உதவாத நாய்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும். அடி வாங்கிய பழக்கம் அது, குணம் அல்ல.

கேட்டு வந்தவர்களும் உண்டு. "நல்லாக் குரைக்குமா? பகலில் கட்டி வைக்கலாமா?" என்றார் ஒருவர். இன்னொருவர், "பெட்டையா? ஐயோ, வேண்டாம் தங்கச்சி." கட்டி வைக்கத்தான் நாய் வேண்டும் என்கிறவருக்குக் கொடுக்கவே கூடாது என்பது என் முடிவு, எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி. பெட்டை என்றால் ஒரு சத்திரசிகிச்சையோடு குட்டிப் பிரச்சினை தீர்ந்துவிடும், அதற்குப் பயந்துதானே பெட்டைக் குட்டிகளைப் பையில் கட்டிச் சந்தையடியில் விடுகிறார்கள்? 2006க்குப் பிறகு தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது அரச கொள்கை. அப்படியென்றால் கருத்தடைதான் வழி. மிருகவதைச் சட்டமோ 1907இல் எழுதப்பட்டது, அதில் போட்ட தண்டம் 100 ரூபா. சட்டம் வந்து காப்பாற்றும் என்று இருக்க முடியாது.

கடைசியில் அவளை நாங்களே வைத்துக்கொண்டோம். வயதும் போய்விட்டது, வீட்டு ஆட்களிடம் ஒட்டியும் விட்டாள். எல்லாரும் அப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

இப்போது உவர்மலைப் பக்கம் ஒரு கடுவன் நிற்கிறது, இளசு, பின்கால் நொண்டல், ஆட்களிடம் வரும். கேற் பூட்டுகிற வளவும் கொஞ்சம் நிழலும் இருக்கிற யாராவது இரண்டு மாதம் வைத்திருப்பீர்களா? மருந்து, ஊசி, கருத்தடைச் செலவு என் பொறுப்பு, நிரந்தர வீடும் நானே தேடுகிறேன். உள்பெட்டியில் எழுதுங்கள்.