கல்லறைக் கல்லாகக் கிடந்த கிளியோபாட்ரா

அமெரிக்க ஓவியம் என்றாலே நம்மில் பலருக்கு பெரிய மலை, பெரிய வானம், தங்க நிறச் சட்டம். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் ஆல்பர்ட் பியர்ஸ்டாட்டின் சியரா நெவாடா ஓவியம் அப்படிப்பட்டதுதான். அழகில் குறையே இல்லை. ஆனால் அந்தக் கலிஃபோர்னியா மலையை 1868-இல் அவர் வரைந்தது ரோமில் இருந்துகொண்டு. படத்தில் மான்கள் உண்டு, மனிதர் ஒருவர்கூட இல்லை. பூர்வகுடிகள் காலங்காலமாக வாழ்ந்த நிலம் அது.

அதே ரோமில் எட்மோனியா லூயிஸ் என்ற அமெரிக்கச் சிற்பியும் இருந்தார். கறுப்பினமும் பூர்வகுடியும் கலந்த வம்சாவளி. உயிர் பிரிந்து சாய்ந்து கிடக்கும் கிளியோபாட்ராவைப் பளிங்கில் செதுக்கி, 1876-இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சிக்குக் கப்பலில் அனுப்பினார். பேசப்பட்டது, விலைபோகவில்லை. அப்புறம் நடந்ததுதான் கொடுமை. ஒரு டன்னுக்கும் அதிகமான அந்தச் சிலை, சிகாகோ பக்கத்தில் ஒரு சூதாட்டக்காரரின் பந்தயக் குதிரைக்குக் கல்லறைக் கல்லானது. குதிரையின் பெயரும் கிளியோபாட்ராவாம்! பிறகு தட்டுமுட்டுச் சாமான் கிடங்கு. நல்லெண்ணத்தில் சாரணச் சிறுவர்கள் பெயின்ட் வேறு அடித்துவிட்டார்கள். அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது 1994-இல்.

என் குறை இதுதான். அருங்காட்சியகத்தில் படைப்புகளை நூற்றாண்டு வரிசையில் வைத்துப் பார்க்கும்போது எல்லாக் கலைஞர்களும் முதலிலிருந்தே அங்கே உட்கார்ந்திருந்த மாதிரி தெரிகிறது. படைப்புக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்பு அட்டையில், அதைச் செய்த ஆண்டைப் போடும் அதே அளவு எழுத்தில், அது அருங்காட்சியகத்துக்குள் வந்த ஆண்டையும் போட வேண்டும். இப்போது அது பொடி எழுத்தில், பதிவு எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது.

ஜேம்ஸ் ஹாம்ப்டனையும் சொல்லியாக வேண்டும். அதே வாஷிங்டனில் அரசுக் கட்டடங்களைக் கூட்டிப் பெருக்கிய கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளி. வாடகைக் கராஜ் ஒன்றில், இரவு வேலை முடிந்த பிறகு, பழைய மேஜை நாற்காலி, அட்டை, பியூஸ் போன பல்பு, பளபளக்கும் தாள் இவற்றைக் கொண்டு கடவுளுக்கு ஒரு சிம்மாசனம் கட்டினார். 14 ஆண்டு உழைப்பு. 1964-இல் அவர் இறந்த பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. இப்போது அதுவும் இதே அருங்காட்சியகத்தில்தான். உச்சியில் 'பயப்படாதே' என்று எழுதியிருக்கிறார். இதை 'நாட்டார் கலை' என்று தனிப் பெட்டியில் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. இதையே கலைக் கல்லூரியில் படித்த ஒருவர் செய்திருந்தால் நவீன கலை என்றிருப்பார்கள்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் தவறவிடாதீர்கள், நுழைவு இலவசம். எது எந்த அறையில் இருக்கிறது என்று மட்டும் முன்னாடியே அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள், அவ்வப்போது மாற்றுவார்கள்.