காலி ஸ்டேடியத்தைப் பார்க்கவா ஐரோப்பா போகிறீர்கள்?

மூன்று நான்கு நாள் ஐரோப்பா போகிற நம்மவர்கள் இப்போதெல்லாம் ஒரு கால்பந்து ஸ்டேடியத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பெரும்பாலோர் விமானம், ஓட்டல் எல்லாம் புக் செய்துவிட்டு, மிச்சமிருக்கும் அரை நாளுக்கு ஸ்டேடியம் டூர் எடுக்கிறார்கள். ஆளில்லாத கேலரி, ஆள் உட்காராத டிரெஸ்ஸிங் ரூம், கடைசியில் ஜெர்ஸிக் கடை. புல்லில் கால் வைக்கவும் விடமாட்டார்கள். முதலில் மேட்சை முடிவு செய்யுங்கள், பிறகு தேதி, அதற்கப்புறம்தான் விமானம். எந்த ஊர் என்று கேட்டால் தயங்காமல் இத்தாலியின் மிலான் என்பேன்.

அங்குள்ள சான் சிரோ ஸ்டேடியத்தை ஏசி மிலான், இன்டர் என்ற இரண்டு கிளப்புகளுமே சொந்த மைதானமாக வைத்திருக்கின்றன. ஒரு அணி வெளியூர் போகிற வாரத்தில் மற்றது பெரும்பாலும் உள்ளூரில் ஆடும். அதனால் லீக் நடக்கும் மாதங்களில் எந்த வார இறுதியில் போய் இறங்கினாலும் ஒரு மேட்ச் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஸ்பெயினின் பார்சிலோனாவிலோ ஜெர்மனியின் டோர்ட்முண்டிலோ ஒரே ஸ்டேடியத்தில் இந்த வசதி கிடையாது. தேசிய அணிகள் ஆடுவதற்காக லீக் நிற்கும் இடைவெளிகளை மட்டும் தவிருங்கள். செப்டம்பர், அக்டோபர், நவம்பர், மார்ச் மாதங்களில் அவை வரும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைத் தள்ளிப்போட முடியாது. 1926-ல் திறந்த இந்த ஸ்டேடியத்தை இரண்டு கிளப்புகளுக்கும் விற்க மிலான் நகர மன்றம் 2025 செப்டம்பர் கடைசியில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. நவம்பரில் கைமாற்றமும் முடிந்தது. பக்கத்திலேயே புதியது கட்டி, பழையதில் பெரும்பகுதியை இடிப்பதுதான் திட்டம். இதை இழப்பு என்றுதான் நான் நினைக்கிறேன். 1955-ல் இரண்டாவது அடுக்கு எழுப்பியபோது கட்டடத்தின் வெளிப்புறத்தையே சுற்றி ஏறும் சாய்தளங்களாக்கினார்கள். 1990 உலகக் கோப்பைக்காக மூன்றாவது அடுக்கு வந்தது. அதைத் தாங்க 11 கான்கிரீட் கோபுரங்கள். அவற்றில் மூலையில் நிற்கும் நான்கின் மேல்தான் கூரையின் சிவப்பு இரும்பு உத்தரங்கள் உட்கார்ந்திருக்கின்றன. மேட்ச் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது வெளியே நின்று பாருங்கள். கூட்டம் சாய்தளங்களில் வளைந்து வளைந்து ஏறும்போது கட்டடமே சுழல்வதுபோல இருக்கும். எந்த டூரிலும் இது கிடைக்காது.

அந்தக் கூரை ஒரு கெடுதலும் செய்தது. வெயிலும் காற்றும் குறைந்து புல் அழுகியது. வருடக்கணக்கில் புல்தரையைப் பெயர்த்துப் பெயர்த்துப் போட்டார்கள். கடைசியில் செயற்கை இழைகளையும் சேர்த்த கலப்புத் தரைக்கு மாறிய பிறகுதான் நிலைமை சீரானது.

இனி நடைமுறை. போட்டி அட்டவணை கோடையிலேயே வந்துவிடும், ஆனால் அதில் இருப்பது வார இறுதி மட்டும்தான். வெள்ளியா, திங்களா, மதியமா, இரவா என்பது டிவி ஒளிபரப்பைப் பொறுத்துப் பிற்பாடு, சில வாரங்களுக்கு முன்தான் முடிவாகும். ஞாயிறு மாலை மேட்ச் என்று நம்பி ஞாயிறு இரவுக்குத் திரும்பும் விமானம் போட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நேரம் உறுதியாகும்வரை பொறுங்கள். முடியாதென்றால் வெள்ளி மதியம் இறங்கி செவ்வாய் காலை கிளம்புகிற மாதிரி போடுங்கள்.

டிக்கெட்டை கிளப்பின் சொந்த இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள். முதலில் சீசன் டிக்கெட்காரர்கள், கிளப் அட்டை வைத்திருப்பவர்கள். மிச்சம்தான் பொது விற்பனைக்கு வரும். மிலான், இன்டர் மோதும் டெர்பி, யுவென்டஸ், நாப்போலி போன்ற பெரிய அணிகளோடு ஆடும் மேட்ச் எல்லாம் அதற்குள் தீர்ந்துவிடும். புள்ளிப் பட்டியலின் பின்பாதியில் இருக்கும் அணியுடனான மேட்ச், கோப்பா இத்தாலியா என்ற இத்தாலியக் கோப்பையின் ஆரம்பச் சுற்று இவற்றைக் குறிவையுங்கள். முதல் தடவைக்கு அதுவே தாராளம்.

இத்தாலியில் டிக்கெட் ஆளின் பெயரில்தான் வரும். வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிடுவார்கள். இனிஷியல் வைத்திருக்கும் நாம் இதில் கவனமாக இருக்க வேண்டும். தினப்படி எழுதுகிற பெயர் வேறு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு விரித்து அச்சான பெயர் வேறு. பாஸ்போர்ட்டில் உள்ளதையே எழுத்து மாறாமல் போடுங்கள். பாஸ்போர்ட்டை ஓட்டலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இருக்கை விஷயத்தில் என் தேர்வு இரண்டாவது அடுக்கு, நீளவாட்டுப் பக்கம்: சிவப்பு அல்லது ஆரஞ்சுப் பகுதி. மூன்றாவது அடுக்கு மலிவு. ஆட்டத்தின் அமைப்பு முழுக்கத் தெரியும், ஆனால் ஏற்றம் செங்குத்து. முட்டிவலி உள்ளவர்களுக்கும் உயரம் ஒவ்வாதவர்களுக்கும் வேண்டாம். ஆரஞ்சுப் பக்கத்தில் மூன்றாவது அடுக்கே கிடையாது. கோல்போஸ்டுக்குப் பின்னால் தெற்கில் மிலானின் தீவிர ரசிகர்கள், வடக்கில் இன்டரின் ஆட்கள். அவரவர் மேட்சில் அந்தப் பகுதிகளில் டிக்கெட் எடுக்காதீர்கள். அது சுற்றுலாப் பயணி நின்று போன் தூக்கி வீடியோ எடுக்கும் இடம் இல்லை. தூரத்திலிருந்தே அவர்கள் பாட்டு நன்றாகக் கேட்கும்.

பெட்டியோடு நேராக ஸ்டேடியத்துக்குப் போகாதீர்கள். சென்ட்ராலே ரயில் நிலையத்தில் லக்கேஜ் வைக்க இடம் இருக்கிறது. தண்ணீர் பாட்டில் வாங்கினால் மூடியைக் கழற்றிவிட்டுத்தான் கொடுப்பார்கள், எறிவதற்கு உதவாமல் இருக்க.

போவதற்கு எம்5 மெட்ரோ, கடைசி நிலையம் சான் சிரோ. திரும்பும்போது அதே நிலையத்தில் நிற்காதீர்கள். எம்5 நான்கே பெட்டி கொண்ட ஓட்டுநரில்லாத வண்டி. எழுபதாயிரம் பேர் வெளியே வந்தால் வாசலை மூடி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடுவார்கள். லோட்டோ நிலையம் கால் மணி, இருபது நிமிட நடை. அங்கே எம்1 கிடைக்கும், நகர மையத்துக்கு அதுவே நேர்வழி.

டூரே கூடாதென்று சொல்லவில்லை. சான் சிரோவிலேயே இரண்டு டிரெஸ்ஸிங் ரூமையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம்: மிலான் வீரர்களுக்குத் தனித்தனி நாற்காலி, இன்டருக்கு எல்லோரும் சேர்ந்து உட்காரும் நீள பெஞ்சு. டோர்ட்முண்டில் மேட்ச் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. அங்கே டூர் எடுப்பது நியாயம்தான். 24,454 பேர் நின்று பார்க்கும் தெற்கு கேலரியின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், எதிரணி கோல்கீப்பர் எதைச் சமாளிக்கிறார் என்பது புரியும்.

ரியல் மாட்ரிட்டின் ஸ்டேடியமான பெர்னபேயுவில் மட்டும் நாளைப் பார்த்து டூர் எடுங்கள். அங்கே புல்தரையை நீளப் பட்டைகளாகப் பிரித்து பூமிக்கடியில் இறக்கிவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. வேறு நிகழ்ச்சிக்கு ஏற்பாடு நடக்கும் நாளில் போனால் மைதானமே கண்ணில் படாது. பார்சிலோனாவின் கேம்ப் நோவும் 2023-ல் புதுப்பிப்புக்கு மூடி, 2025 நவம்பரில் பாதிக்கும் குறைவான இருக்கைகளோடுதான் மறுபடி மேட்ச் நடத்தத் தொடங்கியது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று கிளப்பின் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.