ஆமையிடம் பேசத் தெரிந்த மந்திரவாதி

இன்றைய கணினி விளையாட்டுகளில் மந்திரம் என்பது பெரும்பாலும் துப்பாக்கிக் குண்டுதான். பொத்தானை அழுத்தினால் தீ பாய்கிறது, எதிரி விழுகிறான். எனக்கு இதில் கடும் மனக்குறை உண்டு. ஏனென்றால் 1983இலேயே இன்ஃபோகாம் நிறுவனம் ‘என்சான்டர்’ என்ற விளையாட்டை வெளியிட்டுவிட்டது. மார்க் பிளாங்க், டேவ் லெப்லிங் இருவரும் உருவாக்கியது. படமே கிடையாது. திரையில் வருவதும் எழுத்து, நாம் தட்டச்சு செய்வதும் எழுத்து.

கிரில் என்ற கொடிய மந்திரவாதியை ஒழிக்க வேண்டும். ஆற்றல் மிக்கவர்கள் போனால் அவனுக்குத் தெரிந்துவிடும். அதனால் ஒரு கற்றுக்குட்டியை அனுப்புகிறார்கள், அது நாம்தான். ‘ஃப்ராட்ஸ்’ என்ற மந்திரம் ஒளி தரும். ‘ரெஸ்ரோவ்’ பூட்டியதைத் திறக்கும். ஆனால் பெரும்பாலான மந்திரங்களை முதலில் மனப்பாடம் செய்ய வேண்டும், பிரயோகித்ததும் மறந்துபோகும். சில மந்திரங்களை நம் மந்திர நூலில் எழுதிக்கொள்ளவே முடியாது. ஓலைச்சுருளில் இருப்பதை ஒருமுறை படித்தால் போயிற்று.

என் வாதத்துக்குத் தேவை என்பதால் ஒரே ஒரு புதிரை மட்டும் உடைக்கிறேன். இயந்திர அறை ஒன்றில் ஒரு சுருள் கிடக்கிறது. நாம் நுழைந்தால் உயிர் மிஞ்சாது. கடற்கரையில் ஓர் ஆமை இருக்கிறது. அதன் ஓடு எதையும் தாங்கும், நடைதான் ஆமை நடை. விலங்குகளிடம் பேச வைக்கும் ‘நிட்ஃபால்’, வேகம் தரும் ‘எக்செக்ஸ்’ இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஆமையிடம் பேசி, அதை விரைவாக்கி, சுருளை எடுத்துவரச் சொல்ல வேண்டும்! சண்டைக்கு உதவாத இரண்டு சிறு மந்திரங்கள். அவற்றை இணைக்கும் யோசனை நம்முடையது. அந்த நொடியில் வரும் பெருமிதத்தை எந்தத் தீப்பிழம்பும் தராது.

பசி, தாகம், தூக்கம் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டியிருப்பது தொல்லை என்பார்கள். முதல் இரண்டில் நானும் அவர்கள் கட்சி. தூக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், கனவில் துப்பு வருகிறது.

இதையெல்லாம் விஞ்சியது வரைபடப் புதிர். ஒரு மாயப் பென்சிலால் வரைபடத்தில் கோடு போட்டால் அங்கே உண்மையிலேயே வழி உண்டாகும். அழித்தால் வழி மறையும். உள்ளே அடைபட்டிருக்கும் ஒரு பயங்கரமும் அந்த வழிகளைப் பயன்படுத்தும். இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இந்த விளையாட்டுகளை இன்றைய கணினிகளில் இயக்கும் மென்பொருளுக்கே ‘ஃப்ராட்ஸ்’ என்று அந்த ஒளி மந்திரத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். விளையாடுவதானால் காகிதமும் பென்சிலும் எடுத்து உட்காருங்கள். விடைக் குறிப்பை மட்டும் தேடாதீர்கள். வரைபடப் புதிரின் விடையை ஒருமுறை படித்துவிட்டால், அதை நீங்களாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு திரும்ப வராது.