20,000 எம்ஏஎச் எங்கே போகிறது?

பவர் பேங்க் பெட்டியில் 20,000 எம்ஏஎச் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஃபோன் பேட்டரி 5,000. கணக்குப்படி நான்கு முறை முழுசாக ஏற வேண்டும். மூன்றாவது முறைக்கே மூச்சு வாங்குகிறது. உடனே "டூப்ளிகேட்டைத் தள்ளிவிட்டான்" என்று திட்டுகிறோம். பெரும்பாலும் சரக்கு அசல்தான், பெட்டியில் இருக்கும் எண்ணும் உண்மைதான். கூடவே போட வேண்டிய இன்னொரு எண்ணைத்தான் காணோம்.

கேட்ஜெட் விளம்பரத்திலும் சரி, அறிவியல் செய்தியிலும் சரி, அப்பட்டமான பொய் குறைவு. ஜோடியாக வரவேண்டிய இரண்டு எண்களில் பார்க்க அழகாக இருப்பதை மட்டும் முன்னால் நிறுத்துவதுதான் அதிகம். இந்தப் பதிவு முழுக்க அந்தக் காணாமல் போன ஜோடியைப் பற்றித்தான். கொஞ்சம் பெருக்கல் வகுத்தல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-ஹவர்) என்பது மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கி வருவது. எத்தனை வோல்ட்டில் என்று சொல்லாவிட்டால் உள்ளே எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று தெரியாது. மூட்டை எத்தனை என்று சொல்லிவிட்டு, மூட்டைக்கு எத்தனை கிலோ என்பதை விழுங்கிவிடுகிற வேலை. பவர் பேங்குக்குள் இருக்கும் லித்தியம் செல்லின் சராசரி 3.7 வோல்ட். 20,000 எம்ஏஎச், அதாவது 20 ஆம்பியர்-ஹவரை 3.7ஆல் பெருக்கினால் 74 வாட்-ஹவர். உண்மையான கையிருப்பு இதுதான். இதை 5 அல்லது 9 வோல்ட்டாக ஏற்றி வெளியே அனுப்பும்போதே 10 முதல் 15 சதவீதம் சூடாகப் போய்விடும். கையில் நிற்பது சுமார் 64 வாட்-ஹவர். ஃபோன் பக்கம் வாருங்கள்: 5,000 எம்ஏஎச், செல் 3.85 வோல்ட், ஆக 19.25 வாட்-ஹவர். ஃபோனுக்குள் இருக்கும் சார்ஜிங் சர்க்யூட்டும் தன் பங்குக்குப் பத்து சதவீதம் தின்னும் என்பதால், ஒருமுறை நிரப்ப 21 அல்லது 22 வாட்-ஹவர் உள்ளே போக வேண்டும். 64ஐ 21.5ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட மூன்று. யாரும் திருடவில்லை.

ஒழுங்கான தயாரிப்பாளர்கள் பின்பக்கம் பொடி எழுத்தில் "ரேட்டட் கபாசிட்டி" என்று ஒன்று போட்டிருப்பார்கள். 20,000 பவர் பேங்கில் அது 5 வோல்ட் கணக்கில் 12,000 முதல் 13,000க்குள் இருக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியது அந்த எண்ணும் வாட்-ஹவரும்தான். விமானத்திலும் வாட்-ஹவர்தான் பேச்சு: 100 வரை தனி அனுமதி வேண்டாம், 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், எதுவானாலும் கைப்பையில்தான் போக வேண்டும். கடைகளில் 27,000 எம்ஏஎச் என்று ஒரு விசித்திரமான அளவு விற்பதற்குக் காரணமும் இதுவே. 27ஐ 3.7ஆல் பெருக்கிப் பாருங்கள், 99.9 வரும்.

சரி, நிஜமான டூப்ளிகேட்டை எப்படிப் பிடிப்பது? முதல் கருவி தராசு. இந்த வகை செல்கள் கிலோவுக்குச் சுமார் 200 முதல் 250 வாட்-ஹவர் தாங்கும். அப்படியானால் 74 வாட்-ஹவருக்கு செல் மட்டுமே 300 கிராமுக்குக் குறையாது. பெட்டி, போர்டு எல்லாம் சேர்த்து 200 கிராம்தான் இருக்கிறது என்றால் மேற்கொண்டு சோதனையே வேண்டாம். டார்ச்சுக்குத் தனியாக விற்கும் 18650 செல்லுக்கும் இதே கதை. 45 முதல் 50 கிராம் எடையுள்ள அந்த உருளைக்குள் 3,500 எம்ஏஎச் அளவுக்குத்தான் அடைக்க முடியும். "9,900 எம்ஏஎச்" என்று ஒட்டியிருந்தால் ஸ்டிக்கர் அடித்தவருக்கு வெட்கம் கிடையாது என்று மட்டும் தெரிகிறது.

இரண்டாவது கருவி யூஎஸ்பி மீட்டர். பவர் பேங்கை முழுதாக ஏற்றுங்கள், நடுவில் மீட்டரைச் செருகி அதன் வாட்-ஹவர் கணக்கைப் பூஜ்ஜியமாக்குங்கள், 10 வாட் அளவில் சீரான ஒரு லோடைப் போட்டு அது தானாக அணையும்வரை விடுங்கள். மீட்டர் காட்டுவது பெட்டியில் உள்ள வாட்-ஹவரில் 85 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்ல சரக்கு. 70க்குக் கீழே என்றால் செல் பழையது, அல்லது எண் பொய். ஒரு எச்சரிக்கை: எல்இடி பல்பு போல மிகச் சின்ன லோடு போட்டால் பல பவர் பேங்குகள் "யாரும் செருகவில்லை" என்று நினைத்து நடுவிலேயே அணைந்துவிடும். அதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

அடுத்த குற்றவாளி கேபிள். ஃபோன் மெதுவாக ஏறினால் எல்லோரும் சார்ஜரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கச் சொல்வேன். மலிவான கேபிள்களில் மின்சாரம் போகும் கம்பி 28 கேஜ் தடிமன்தான் இருக்கும் (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்). அதன் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். போக ஒன்று வர ஒன்று என்று இரண்டு கம்பி, ஒரு மீட்டர் கேபிளில் 0.43 ஓம். அதில் 2 ஆம்பியர் ஓட்டினால் 0.85 வோல்ட் வழியிலேயே செத்துவிடும். சார்ஜரில் கிளம்பிய 5 வோல்ட் ஃபோனுக்கு 4.15ஆகப் போய்ச் சேரும். ஃபோன் சும்மா இருக்காது, வோல்ட் சரிவதைப் பார்த்து ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். அதே கேபிள் 24 கேஜ் கம்பியாக இருந்தால் இழப்பு 0.34 வோல்ட்தான். 9 வோல்ட்டில் ஓடும் வேகச் சார்ஜிங்கில் அதே வாட்டுக்குக் குறைந்த ஆம்பியர் போதும் என்பதால் மெல்லிய கேபிளின் குட்டு அங்கே வெளிப்படாது. ஒரு ஃபோனுக்கு நன்றாக ஓடும் கேபிள் இன்னொன்றுக்கு ஊர்வதன் ரகசியம் பாதி இதுதான்.

மீதிப் பாதி டைப்-சியின் வம்பு. வெளியே எல்லாம் ஒரே வாய், உள்ளே சாதி பல. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரை, அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் கேபிளின் முனைக்குள் "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்" என்று சார்ஜரிடம் சொல்லும் இ-மார்க்கர் சிப் இருந்தே ஆக வேண்டும். 100 வாட் சார்ஜரையும் லேப்டாப்பையும் வாங்கிவிட்டு, ஃபோனோடு வந்த கேபிளை மாட்டினால் 60 வாட்டிலேயே நிற்கும். பழுது எதுவும் இல்லை, பாதுகாப்புக்காக அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். 2021இல் வந்த பிடி 3.1 (யூஎஸ்பி பவர் டெலிவரி) விதி 48 வோல்ட், 240 வாட் வரை போகிறது. அதற்கான கேபிள் தனி.

டேட்டா வேகம் இன்னொரு சமாச்சாரம். சார்ஜிங்கில் ராஜாவான 240 வாட் கேபிள், ஃபைல் நகர்த்துவதில் விநாடிக்கு 480 மெகாபிட் என்ற 2000ஆம் ஆண்டு காலத்து யூஎஸ்பி 2.0 வேகத்திலேயே இருக்கலாம். ஐஃபோன் 15 ப்ரோ 10 ஜிகாபிட் வேகத்தில் பேசும். ஆனால் அதன் பெட்டியில் தந்த கேபிள் யூஎஸ்பி 2.0. பெயர் வைப்பதற்குப் பொறுப்பான குழுவோ 3.0 என்றதை 3.1 ஜென் 1 ஆக்கி, பிறகு 3.2 ஜென் 1 ஆக்கியது. வேகம் மூன்றுக்கும் அதே 5 ஜிகாபிட். இதைச் செய்தவர்கள் பொறியாளர்களாக இருக்க மாட்டார்கள் என்று நம்ப விரும்புகிறேன்.

சின்ன டார்ச், டிரிம்மர், விளையாட்டுச் சாமான் சில டைப்-சி வாய் வைத்திருக்கும். ஆனால் இரு முனையும் டைப்-சி ஆன கேபிளில் ஏறவே ஏறாது, பழைய செவ்வக முனை (யூஎஸ்பி-ஏ) சார்ஜரில் மட்டும் ஏறும். காரணம், தயாரிப்பாளர் இரண்டு ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருக்கிறார். டைப்-சி சார்ஜர் எதிரே 5.1 கிலோஓம் தென்பட்டால்தான் 5 வோல்ட்டையே திறந்துவிடும். செவ்வக முனைச் சார்ஜர் யாரையும் கேட்காமல் எப்போதும் கொடுத்துக்கொண்டிருக்கும். 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர்கூட இந்த இடத்தில் சறுக்கியது. டைப்-சி வாயில் தனித்தனி ரெசிஸ்டர் வேண்டிய இரண்டு பின்னுக்கும் ஒரே ரெசிஸ்டரைப் பொதுவாக வைத்ததால் இ-மார்க்கர் கேபிள் மாட்டினால் ஆன் ஆகவில்லை, அடுத்த போர்டில் திருத்தினார்கள். வீட்டில் அப்படி ஒரு சாமான் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம், செவ்வக முனைக் கேபிள் ஒன்றை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

சார்ஜரில் பார்க்க வேண்டியது முதுகில் உள்ள பொடி எழுத்து. "65 வாட்" என்பதற்குக் கீழே 5, 9, 15, 20 வோல்ட் என்று வரிசையும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்பதும் இருக்கும். 20 வோல்ட் வரிசையே இல்லை என்றால் லேப்டாப்புக்கு நம்ப வேண்டாம். சாம்சங்கின் 45 வாட் வேகத்துக்குப் பிபிஎஸ் (PPS, வோல்ட்டைச் சின்னச் சின்னப் படியாக மாற்றும் வசதி) என்ற சொல்லும் இருக்க வேண்டும், கேபிளும் 5 ஆம்பியராக இருக்க வேண்டும். இரண்டு வாய் உள்ள சார்ஜர் பலவற்றில் இரண்டாவது ஃபோனைச் செருகிய நொடி முதலாவது ஒருமுறை துண்டித்து மறுபடி பேரம் பேசும். அந்த வாயில் ராஸ்பெர்ரி பை போன்ற பேட்டரி இல்லாத சாமான் இருந்தால் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

இப்போது செய்திப் பக்கம். 2024 ஜனவரியில் "50 வருஷம் சார்ஜே வேண்டாம், அணு பேட்டரி வந்துவிட்டது" என்று ஊரெல்லாம் ஃபார்வர்ட் பறந்தது. சீனாவின் பீட்டாவோல்ட் நிறுவனம் அறிவித்த பிவி100 அது. நிக்கல்-63 என்ற கதிரியக்க உலோகமும் வைரக் குறைகடத்தியும் சேர்ந்த நேர்த்தியான பொறியியல்தான். 50 வருஷம் என்பதும் நம்பக்கூடியதுதான், நிக்கல்-63இன் அரை ஆயுள் சுமார் 100 ஆண்டு. காணாமல் போன ஜோடி எண் எது தெரியுமா? 100 மைக்ரோவாட். ஒரு நாளில் ஒருமுறை சார்ஜ் ஆகும் ஃபோன் 19.25 வாட்-ஹவரை 24 மணி நேரத்தில் செலவழிக்கிறது, சராசரி 0.8 வாட். அதற்கு இந்த பேட்டரி 8,000 வேண்டும். ஒன்றின் அளவு 15க்கு 15க்கு 5 மில்லிமீட்டர், ஆக 8,000க்கு 9 லிட்டர் இடம். ஒன்றே ஒன்றை வைத்து ஃபோனை ஏற்றினால் ஒருமுறை நிறைய 22 வருஷம். இதய பேஸ்மேக்கர், யாரும் போய் பேட்டரி மாற்ற முடியாத இடத்து சென்சார் என்று இதற்கு அருமையான வேலைகள் உண்டு. 1970களிலேயே புளூட்டோனியம்-238 வைத்த பேஸ்மேக்கர்களை மனித உடலில் பொருத்தியிருக்கிறார்கள். செய்தி எழுதியவர் அதைச் சொல்லியிருந்தாலே சுவையான கட்டுரை கிடைத்திருக்கும். ஃபோன் படம் போட்டால்தான் கிளிக் வரும் என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

"பத்து மடங்கு கொள்ளளவு சிலிக்கான் பேட்டரி" என்பதும் இதே ரகம். ஒரு கிராம் கிராஃபைட் 372 எம்ஏஎச் பிடிக்கும், சிலிக்கான் சுமார் 3,600. பத்து மடங்கு சரிதான். ஆனால் அது எதிர்முனை மட்டும். நேர்முனைப் பொருள் கிராமுக்குச் சுமார் 200லேயே நிற்கிறது. ஒரு ஆம்பியர்-ஹவருக்கு நேர்முனை 5 கிராம், கிராஃபைட் 2.7 கிராம். சிலிக்கான் போட்டால் 2.7 என்பது 0.28 ஆகும், அந்த 5 அப்படியே இருக்கும். மொத்தம் 7.7 கிராமிலிருந்து 5.3க்கு இறங்குகிறது. ஒன்றரை மடங்குகூட வரவில்லை. அதுவும் செம்புத் தகடு, அலுமினியத் தகடு, எலக்ட்ரோலைட் எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்கும் முன்னால். போதாததற்குச் சிலிக்கான் லித்தியத்தை விழுங்கும்போது மூன்று மடங்குக்கும் மேல் ஊதும், வெளியேறும்போது சுருங்கும், பொடிந்து போகும். அதனால்தான் இப்போதைய ஃபோன்களில் சிலிக்கானைக் கார்பனோடு கொஞ்சமாகக் கலந்து போடுகிறார்கள். அதே தடிமனில் 6,000, 7,000 எம்ஏஎச் வருவது அதன் புண்ணியம். எனக்கு இது பத்து மடங்குத் தலைப்பைவிட மதிப்பான செய்தி, ஏனென்றால் கடையில் கிடைக்கிறது.

பேட்டரிச் செய்தி எது வந்தாலும் நான்கு எண்ணைத் தேடுங்கள்: கிலோவுக்கு எத்தனை வாட்-ஹவர், அது முழு செல்லுக்கா அல்லது ஒரு முனைப் பொருளுக்கா, எத்தனை நிமிடத்தில் ஏறுகிறது, அதே வேகத்தில் எத்தனை சைக்கிள் (ஒருமுறை முழுசாக ஏறி இறங்குவது ஒரு சைக்கிள்) தாங்குகிறது. சைக்கிள் எண்ணுக்கும் ஜோடி உண்டு, கடைசியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் ஃபோன்களுக்குப் போட்ட விதி அதனால்தான் எனக்குப் பிடிக்கும்: 800 சைக்கிளுக்குப் பிறகு 80 சதவீதமாவது மிச்சம் இருக்க வேண்டும். இரண்டு எண்ணும் ஒரே வாக்கியத்தில்.

புது லேப்டாப் ஸ்டிக்கரில் வரும் "40 டாப்ஸ்" (ஏஐ சிப் விநாடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்ற அளவு) பற்றியும் ஒரு வார்த்தை. எத்தனை பிட் கணக்கில் என்று பாருங்கள், 8 பிட்டுக்கு ஒரு எண், 4 பிட்டுக்கு அதன் இரட்டிப்பு என்று காட்டலாம். மொழி மாடல் ஓட்டுவதற்கோ டாப்ஸைவிட மெமரி வேகம்தான் பேசும். 8 பில்லியன் பாராமீட்டர் மாடலை 4 பிட்டில் சுருக்கினால் சுமார் 4.5 ஜிபி. மாடல் எழுதும் ஒவ்வொரு டோக்கனுக்கும் (சொல் அல்லது சொல்லின் துண்டு) அத்தனையையும் ஒருமுறை படித்தாக வேண்டும். மெமரி விநாடிக்கு 100 ஜிபி தந்தால் 22 டோக்கனுக்கு மேல் வராது, ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தாலும்.

1 டிபி டிரைவ் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டுவது ஏமாற்று இல்லை, ஆயிரத்தால் வகுப்பதற்கும் 1,024ஆல் வகுப்பதற்கும் உள்ள வித்தியாசம். ஏமாற்று மெமரி கார்டில் இருக்கிறது. 32 ஜிபி சிப்பை வைத்துக்கொண்டு கன்ட்ரோலரை மட்டும் "512 ஜிபி" என்று சொல்லப் பழக்கியிருப்பார்கள். ஃபோன் நம்பும், கம்ப்யூட்டர் நம்பும். 32 தாண்டியதும் புது ஃபைல் பழையதன் மேலேயே எழுதப்படும், அல்லது காற்றில் போகும். ஃபைல் பெயர்ப் பட்டியல் முன்பக்கத்தில் பத்திரமாக இருப்பதால் எல்லாம் இருப்பது போலவே தோன்றும், திறந்தால்தான் சாம்பல் நிறக் கட்டம் தெரியும். இதைச் சோதிக்கும் மென்பொருள் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸில் எஃப்3 (F3), இரண்டும் இலவசம். கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்து ஒப்பிட்டுச் சொல்லும். கார்டில் எதுவும் வைக்காமல் காலியாக இருக்கும்போதே ஓட்டுங்கள், பாதி அளவோடு நிறுத்தாதீர்கள். 512 ஜிபியை விநாடிக்கு 30 எம்பி வேகத்தில் எழுதி முடிக்கக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், படிக்க அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் ஆகும். ஆகவே கார்டு கைக்கு வந்த அன்று இரவே போட்டுவிட்டுத் தூங்குங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.